கிணற்றுக்கும் ஒரு கணக்கேடு

(தோட்டத் தொழிலாளர்களுக்கென ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரையில் இறங்கி, மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் திரட்டி, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டுவருகிறீர்கள். அங்கே பால் நிறுக்கப்படுகிறது. அதில் எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு நீர் என்று பார்க்கப்படுகிறது. உங்கள் பெயருக்கும் நிரைக்கும் நேரே அன்றைய எண் எழுதப்படுகிறது. மழை பெய்த நாளில் எண் குறைகிறது; மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் இன்னும் குறைகிறது. அதற்காக ஒரு நாள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த நிரை பாழாகிவிட்டது" என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. மாதக் கணக்கைப் புரட்டிப் பார்க்கிறோம். சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறோம். பக்கத்து நிரையில் எப்படி என்று விசாரிக்கிறோம். அதன் பிறகே மரத்தில் கோளாறா, காலத்தின் கோளாறா என்று தீர்மானிக்கிறோம்.

மரத்திற்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் நாம், நமது லயத்திற்குப் பின்னால் இருக்கும் கிணற்றுக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? இந்த ஒரு கேள்வியை உங்கள்முன் வைப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

குழாய் இருக்கக் கிணறு எதற்கு?

"இப்போதுதான் குழாய் வந்துவிட்டதே, கிணற்றைப் பற்றிப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டங்களில் குடியிருக்கும் தொழிலாளர்க்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்க வேண்டும் என்று விதித்தது. அதனால் விளைந்த நன்மையை நாம் மறக்கவில்லை.

ஆயினும் குழாய் என்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1998ஆம் ஆண்டு வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளியும் கையுமாக லாரிகளுக்குக் காத்திருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் மாசு கலந்ததால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன; ஏறத்தாழ 12 இலட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. இத்தகைய நாள்களில் மக்களுக்கு நினைவு வருவது எது? புல் மண்டிக் கிடக்கும் பழைய கிணறுதான். மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கிறோம். நீர் தெளிவாக இருக்கிறது. ஒரு கை அள்ளிச் சுவைக்கிறோம், இனிக்கிறது. "தாத்தா காலத்துக் கிணறு, இதற்கு என்ன குறை?" என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம்.

தாத்தா காலத்தில் அது நல்ல கிணறாகவே இருந்திருக்கலாம். ஆனால் தாத்தா குடித்த நீரா இப்போது அதில் இருக்கிறது?

மண்ணுக்குள் நடக்கும் பயணம்

நிலத்திற்கு அடியில் நீர் ஆறாக ஓடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. மணலின் துகள்களுக்கு நடுவிலும் பாறையின் வெடிப்புகளிலும் நீர் தங்கியிருக்கிறது. ஈரத்துணி நீரைப் பிடித்து வைத்திருப்பது போன்றது அது. மேலே பெய்யும் மழை மெல்ல இறங்கி அதனோடு சேர்கிறது. சேர்ந்த நீர் பள்ளத்தை நோக்கி நகர்கிறது. அந்த நகர்ச்சியின் வேகம் பல இடங்களில் நாளொன்றுக்குச் சில அங்குலமே. சில இடங்களில் சில அடி.

இந்த மெதுவான நடையில்தான் ஆபத்து இருக்கிறது. ஆற்றில் கழிவைக் கொட்டினால் மறுநாளே மீன் செத்து மிதக்கும், எல்லாரும் அறிவர். மேட்டில் குப்பையைப் புதைத்தால், அதன் சாறு தாழ்விலுள்ள கிணற்றை எட்டப் பல ஆண்டுகள் ஆகலாம். கொட்டியவர் வேறு தோட்டத்திற்குப் போயிருப்பார்; குப்பைமேட்டின்மீது செம்பனை நட்டிருப்பார்கள். அப்போதுதான் கிணற்று நீர் மாறத் தொடங்கும். வந்த மாசு போவதற்கும் அதே அளவு காலமோ, அதைவிட அதிகமோ பிடிக்கும்.

தோட்டப் புறங்களில் நிலத்தடி நீரைக் கெடுக்கக்கூடியவை எவை என்று எண்ணிப் பார்ப்போம். பழைய குழிக் கழிவறைகள், மாட்டுக் கொட்டகைகள், உரம், களைக்கொல்லி கலக்கும் இடம், குப்பைக்குழி, ரப்பர் ஆலையின் கழிவுநீர்க் குளம் என்பன அவற்றுள் சில. பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியாவும், உறைய வைக்க அமிலமும் பயன்படுவதை நீங்கள் அறிவீர்கள். இவை கலந்த ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்துவதற்கென்றே 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1978இல் தனி விதிமுறைகள் கொண்டுவரப்பட்டன.

நாவை நம்பலாமா?

நீரின் நிறம், மணம், சுவை ஆகிய மூன்றைக் கொண்டே நாம் நீரை மதிப்பிட்டுப் பழகிவிட்டோம். இந்த மூன்றும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றும்.

இரும்பு கலந்த நீர், துணியில் செந்நிறக் கறையை ஏற்றுகிறது. வாயில் துருவின் சுவை தட்டுகிறது. ஆதலால் அதை வெறுத்து ஒதுக்குகிறோம். குடிநீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருத்தலாகாது என்பது நம் நாட்டின் அளவுகோல். இது பெரும்பாலும் சுவையையும் கறையையும் கருதி வைத்த அளவு.

உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் கழிவறையிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டோ நிறமற்றது, மணமற்றது. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. உயிருக்கே மோசம் வரலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் 1945இல் இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். நைட்ரேட் வடிவிலுள்ள நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நம் நாட்டின் குடிநீர் அளவுகோல்.

தாய்மார்கள் இங்கே ஒன்றைச் சிறப்பாக மனத்தில் கொள்ள வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். அது நல்ல பழக்கம், விடக்கூடாது. ஆனால் நைட்ரேட் கொதிநீரில் அழியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மீதியிலுள்ள நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். ஆகவே சோதித்து அறியாத கிணற்று நீரில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கலாகாது.

ஒரு தெருக் குழாய் கற்பித்த பாடம்

கெட்ட நீரைக் கண்டுபிடிக்க வரைபடம் எவ்வாறு உதவும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ வட்டாரத்தில் வாந்திபேதி பரவியது. சில நாள்களிலேயே நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறது என்று அறிஞர்களும் நம்பியிருந்த காலம் அது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை விசாரித்துத் தெருவின் படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கோடு போட்டார். கோடுகள் பிராட் தெருவிலிருந்த கைப்பம்பு ஒன்றைச் சுற்றியே அடர்ந்து நின்றன.

சற்றுத் தள்ளியிருந்த ஏழையர் இல்லத்தில் 500க்கு மேற்பட்டோர் வசித்தும் ஐவரே இறந்தனர். அவ்வில்லத்திற்குச் சொந்தக் கிணறு இருந்தது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரோ நோய் கண்டு இறந்தார். காரணம் என்ன? அவர் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தப் பம்பு நீரின் சுவையில் விருப்பங்கொண்டு நாள்தோறும் அதை வரவழைத்துக் குடித்தவர். நாவை நம்பியதன் விளைவு அது! செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. நீர் எப்படிக் கெட்டது என்பதைப் படம் மட்டும் சொல்லவில்லை. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார், அந்தத் தெருவின் குடும்பங்களை ஒவ்வொன்றாய் அறிந்தவர். பம்புக்கு அருகிலுள்ள 40ஆம் எண் வீட்டில் முதலில் ஒரு கைக்குழந்தை நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் வீட்டின் முன்னிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும் அவரே விசாரித்து வெளிக்கொணர்ந்தார். தோண்டிப் பார்த்தபோது அந்தக் குழி கசிந்து, கிணற்றுக்குச் சில அடி தூரத்தில் இருந்தது தெரியவந்தது. மருத்துவர் வரைந்த படமும் அந்த இடத்து மனிதரின் அறிவும் சேர்ந்தபோதே முழு உண்மை வெளிப்பட்டது. இதனைப் பின்னர் மீண்டும் நினைவுகூர்வோம்.

கணினிக்குள் ஒரு தோட்டப்படம்

மருத்துவர் ஸ்நோ கையால் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. அதற்குப் புவியியல் தகவல் முறை என்று பெயர். 1960களில் கனடா நாட்டின் நிலவளங்களைக் கணக்கெடுக்க ரோஜர் டாம்லின்சன் என்பவர் முன்னின்று உருவாக்கிய அமைப்பே இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. தோட்ட ஆபீசுச் சுவரில் தொங்கும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்து, கிணறுகளை மட்டும் புள்ளியிட்டுக் குறியுங்கள். இன்னொரு தாளில் கழிவறைகளும் மாட்டுக் கொட்டகைகளும். மற்றொன்றில் ஓடைகளும் மேடு பள்ளங்களும். வேறொன்றில் மண்ணின் வகை. எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து பார்த்தால், எந்தக் கிணற்றுக்கு மேட்டில் எது இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இத்தகைய நூறு தாள்களையும் கணினி குழப்பமின்றி அடுக்கி வைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் கிராணியின் பேரேடு போன்ற ஓர் அட்டவணை உண்டு. கிணற்றின் எண், ஆழம், சோதித்த நாள், நைட்ரேட் எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா என்பன அதில் பதியப்படும். புள்ளியின் சரியான இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கைத்தொலைபேசியே காட்டிவிடுகிறது.

இனிக் காலத்தைச் சேர்ப்போம். இவ்வாண்டின் படம் ஒன்று, ஐந்தாண்டுக்கு முந்திய படம் ஒன்று. பின்னதிலுள்ள எண்ணை முன்னதிலிருந்து கழித்தால், மூன்றாவது படம் ஒன்று பிறக்கிறது. எங்கே நீர் கெட்டுவருகிறது, எங்கே தேறிவருகிறது, எங்கே மாறாமல் நிற்கிறது என்பதை அந்த மூன்றாம் படம் காட்டும். ஒரு கிணற்றில் நைட்ரேட் 6 என்று வந்தால், "அளவுக்குள்தான் இருக்கிறது" என்று மகிழ்கிறோம். அதே கிணற்றில் முன்பு 2 ஆக இருந்து, பிறகு 4 ஆகி, இப்போது 6 ஆகியிருந்தால், அது மகிழ்ச்சிக்குரிய செய்தியா? எல்லையைத் தொடுவதற்கு முன்பே காரணத்தைத் தேட வேண்டும் என்னும் எச்சரிக்கையல்லவா? ஒற்றை எண் இதைச் சொல்லாது. வரிசையாக வந்த எண்களே சொல்லும்.

வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது

இத்தகைய படங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என அழகாக அச்சிடப்பட்டு வரும். அவற்றைப் பார்க்கும்போது மூன்று எச்சரிக்கைகளை மனத்திலிருத்த வேண்டும்.

முதலாவது, கிணறு இருக்கும் புள்ளியில்தான் உண்மையான சோதனை நடந்திருக்கிறது. இரண்டு கிணறுகளுக்கு நடுவிலுள்ள நிலத்திற்குக் கணினி மதிப்பீட்டின்படியே வண்ணம் தீட்டுகிறது. பக்கத்துக் கிணறுகளின் எண்களைக் கொண்டு, அருகிலுள்ளதற்கு அதிக மதிப்பும் தூரத்திலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்து அது கணக்கிடுகிறது. இவ்வகைக் கணக்குகளுள் ஒன்று, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய டானி கிரிக் என்ற பொறியியலாளர் 1951இல் காட்டிய வழியில் வளர்ந்தது. தங்கத்தைத் தேடப் பிறந்த கணக்கு இன்று தண்ணீருக்கும் உதவுகிறது. ஆயினும் மதிப்பீடு மதிப்பீடே. பச்சை வண்ணம் கண்ட இடத்தில் சோதனையின்றிக் கிணறு வெட்டிக் குடிக்கலாம் என்பது அதன் பொருளன்று.

இரண்டாவது, ஒப்பிடும் இரு படங்களும் ஒரே கிணறுகளிலிருந்து எழுந்தவையா என்று கேட்க வேண்டும். முதற்படத்தில் பத்துக் கிணறுகள், இரண்டாவதில் வேறு இருபது கிணறுகள் என்றால், நீர் மாறாமலே படம் மாறிவிடும்.

மூன்றாவது, பருவம் ஒன்றாக இருக்க வேண்டும். பெருமழைக்குப் பின் மேற்பரப்பு அழுக்கு கிணற்றில் இறங்கிக் கிருமிகள் கூடலாம். வறட்சியில் நீர் வற்றி உப்புகளின் செறிவு ஏறலாம். ஓராண்டு மழைக்காலத்தில் எடுத்ததை, மற்றோராண்டு வறட்சிக் காலத்தில் எடுத்ததோடு ஒப்பிட்டால், இலையுதிர் காலப் பாலைச் செழிப்புக் காலப் பாலோடு ஒப்பிட்டது போலாகும்.

வங்காளதேசம் தந்த எச்சரிக்கை

நீரின் கணக்கை நாட்டளவில் எழுத நேர்ந்தவர்கள் வங்காளதேச மக்கள். குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மாய்வதைத் தடுக்க, 1970களிலிருந்து அங்கே குழாய்க் கிணறுகள் இலட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் நஞ்சு இருந்தது. அதற்கும் நிறமில்லை, சுவையில்லை. 1993இல் அங்குக் கிணற்று நீரில் ஆர்சனிக் இருப்பது உறுதியாயிற்று. அதற்குள் பலருடைய தோலில் கறுப்புப் புள்ளிகளும் கைகால்களில் தடிப்புகளும் தோன்றியிருந்தன.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வுத் துறையும் வங்காளதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் 3,534 கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்துப் படம் வரைந்து 2001இல் வெளியிட்டன. 150 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கிணறுகளில் 27 விழுக்காடு, அந்நாட்டின் எல்லையாகிய லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. ஆழமான கிணறுகளோ பெரும்பாலும் நல்லவையாக இருந்தன. பின்னர் 2003 வரை ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டு, நல்லவற்றிற்குப் பச்சையும் தீயவற்றிற்குச் சிவப்பும் பூசப்பட்டன. சிவப்புப் பெற்றவை சுமார் 14 இலட்சம்.

அராய்ஹஜார் என்னும் வட்டாரத்தில் 25 சதுர கிலோமீட்டருக்குள் இருந்த சுமார் 6,000 கிணறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் செயற்கைக்கோள் உதவியுடன் இடங்குறித்தார்கள். அங்கே தெரிந்த உண்மை வியப்புக்குரியது. பல தீய கிணறுகளுக்குச் சற்றுத் தள்ளியே நல்ல கிணறு இருந்தது! படத்தைப் பார்த்ததும் மக்களுக்குத் தெளிவு பிறந்தது. புதுக்கிணறு வெட்டும் வரை காத்திராமல், அண்டை வீட்டுப் பச்சைக் கிணற்றில் நீர் எடுத்தாலே பலர் தப்பலாம். படத்தின் பயன் அச்சமூட்டுவதன்று, வழி காட்டுவதே.

நம் நாட்டில் கிளந்தான்

நம் நாட்டிலே பொதுக் குழாய் நீருக்கு நிலத்தடி நீரை மிகுதியாக நம்பியிருக்கும் மாநிலம் கிளந்தான். கோத்தா பாருவைச் சுற்றிய சமவெளியில் ஆற்று வண்டல் படிந்து, நீர் நிறைந்த மணல் அடுக்குகள் அமைந்துள்ளன. அந்நீரில் இரும்பும் மாங்கனீசும் மிகுதி. ஆதலால் சுத்திகரித்தே வழங்க வேண்டியிருக்கிறது. கடலோரப் பகுதியில் மேலடுக்கில் நன்னீரும், அதன் கீழுள்ள ஓர் அடுக்கில் உவர்நீரும் இருப்பதையும் ஆய்வாளர் கண்டனர். ஆகவே அங்கே இடத்தை மட்டும் குறித்தால் போதாது. ஆழத்தையும் குறிக்க வேண்டும். ஒரே முற்றத்தில் இரு ஆழங்களில் இருவகை நீர் கிடைக்கலாம். பாச்சோக் போன்ற மணற்பாங்கான இடங்களில், பயிருக்கு இடும் உரத்தின் நைட்ரேட் ஆழமற்ற கிணறுகளை எளிதில் எட்டுவதும் ஆராயப்பட்டுள்ளது.

2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய வெள்ளம் வடிந்த பிறகு, மூழ்கிய கிணறு பார்வைக்குத் தெளிந்தாலும், இறைத்துத் தூய்மை செய்து, குளோரின் இட்டு, சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நாடெங்கும் 1990களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுச்சூழல் துறை கண்காணிப்புக் கிணறுகளில் நீர் எடுத்துச் சோதித்து வருகிறது. விவசாய நிலம், தொழிற்பேட்டை, குப்பைமேடு, நகர்ப்புறம் என நிலத்தின் பயனுக்கேற்ப அக்கிணறுகள் வகுக்கப்பட்டுள்ளன. கனிம, புவி அறிவியல் துறையும் நிலத்தடி நீரைப் பற்றிய விவரங்களைத் திரட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு தோட்டத்தின் ஒவ்வொரு கிணற்றையும் அரசாங்கக் கண்காணிப்புக்குள் கொண்டுவருவது இயலாத காரியம். அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் யார்?

நீங்களே!

உங்களிடம் உள்ள செல்வம்

லண்டன் பாதிரியாரை இப்போது நினைத்துப் பாருங்கள். படத்தில் ஒரு கிணறு சிவப்பாகத் தெரிந்தால், ஏன் என்று அதிகாரி கேட்பார். அதற்கு விடை ஆபீசுப் பேரேட்டில் இல்லாமற் போகலாம். "அந்த இடத்தில் முன்பு பழைய லயம் இருந்தது, அதன் கழிவறைக் குழிகள் இதற்கு நேர் மேட்டில்தான் இருந்தன" என்று ஒரு பாட்டி சொல்லுவார். "மருந்து ஸ்டோர் இடிக்கப்படுவதற்கு முன் இங்கேதான் இருந்தது, களைக்கொல்லித் தொட்டியை இந்த வாய்க்காலில்தான் கழுவுவோம்" என்று ஓய்வுபெற்ற தெளிப்பாளர் ஒருவர் கைநீட்டிக் காட்டுவார். எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாத செய்தி அது.

இந்தச் செல்வம் நாளுக்கு நாள் கரைந்து வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன, பல குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. எந்தக் கிணறு எங்கே மூடப்பட்டது, எந்தக் குழியில் எது புதைக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். நாளை அந்த நிலத்தில் குடியேறுவோர் யாராயினும், எந்த இனத்தவராயினும், எந்த நாட்டிலிருந்து வந்த தொழிலாளியாயினும், அவருடைய குழந்தையும் அந்த நீரைக் குடிக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

ஆகவே நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது மிக எளியது. பள்ளி மாணவர் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்பைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு எண் இடுங்கள். மூடப்பட்ட கிணறுகளையும் விடவேண்டா. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கைத்தொலைபேசி காட்டும் இட எண்களை இளைஞர்கள் எழுதட்டும். கிணற்றின் ஆழத்தையும், மாதம் ஒருமுறை விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதையும் கயிறு விட்டு அளந்து, தேதியுடன் குறியுங்கள். முந்திய நாள்களில் மழை உண்டா என்று எழுதுங்கள். நிறம், மணம் மாறினால் அதையும் எழுதுங்கள்.

அடுத்து, முதியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். கிணற்றைச் சுற்றி, குறிப்பாக மேட்டுப்புறத்தில், இப்போது என்ன இருக்கிறது, முன்பு என்ன இருந்தது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கழிவறைக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. அதற்குள் இருப்பவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

பின்னர், தோட்ட நிர்வாகத்தின் வழியாகவோ தொழிற்சங்கத்தின் வழியாகவோ மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகி, குடிக்கப் பயன்படும் கிணற்று நீரைச் சோதிக்கக் கேளுங்கள். முடிவு வந்ததும் "நல்லது" அல்லது "கெட்டது" என்ற ஒரு சொல்லோடு திருப்தியடையாமல், எண்களைக் கேட்டு வாங்கி அந்தந்தப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே கிணற்றில், மீண்டும் சோதிக்கக் கேளுங்கள். இரண்டாவது எண் எழுதப்படும் அன்றுதான் உங்கள் கணக்கேட்டுக்கு உயிர் வரும். ஆய்வாளர் ஒருவர் கணினியோடு வந்து இறங்கும் நாளில், அவர் தேடி வந்த பொருள் உங்கள் கையில் ஆயத்தமாக இருக்கும்.

தோழர்களே! காடாயிருந்த நிலத்தைத் திருத்திக் கன்று நட்டுப் பால்மரமாக்கியவர்கள் நம் முன்னோர். தாங்கள் வெட்டிய மரத்தின் கணக்கை அவர்கள் கிராணியின் பேரேட்டில் விட்டுச் சென்றனர். அது முதலாளிக்கு உதவியது. தாங்கள் குடித்த நீரின் கணக்கை எழுதிவைக்க அவர்களுக்கு வழியுமில்லை, வாய்ப்புமில்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. இந்தக் கணக்கேடு நமக்கும் உதவும். நாம் முகம் அறியாத பிள்ளைகளுக்கும் உதவும்.

இன்று மாலை வீடு திரும்பியதும், லயத்தின் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே மொத்தம் எத்தனை கிணறுகள் இருந்தன?" அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கும்போது, நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தைத் திறந்துவிடுங்கள்.